அறுபது சேவல்களும் விட்டுப்போன ஒரு வரியும்

நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவர் நந்தினி. பொறியியல் படித்தவர், கெட்டிக்காரர். போன மாதம் போன் செய்தார்.

"சார், மாட்யூலையெல்லாம் எடுத்துப்போட்டு வேற முறைக்கு மாறப் போறமுங்க. அதுக்கு முன்னாடி அதையெல்லாம் எப்படிப் பத்திரமா வெச்சிருந்தீங்க, அழிஞ்சா எப்படித் திரும்ப உண்டாக்குனீங்கன்னு நாலு பக்கம் எழுதிக் குடுங்க. ஆண்டு மலர்ல போட்டுக்கறோம்."

"சேவல் கதையும் எழுதலாமா?" என்று கேட்டேன்.

"அது நெசந்தானுங்களா சார்? சும்மா கட்டி உடறாங்கன்னுல்ல நெனச்சோம்" என்றார்.

நிஜம்தான். நானே ஏற்றி, நானே இறக்கி, மறுபடியும் நானே ஏற்றிய சேவல்கள். கையில் ஒரு தழும்புகூட இருக்கிறது.

எங்கள் நிலையத்தின் பெயர் மலரின் அட்டையிலேயே இருக்கும் என்பதால் நான் எழுத வேண்டியதில்லை. நாமக்கல்லுக்குப் பக்கத்தில், பண்ணையாளர்கள் பலர் சேர்ந்து நடத்துகிற கோழி ஆராய்ச்சி நிலையம். எந்தச் சேவலுக்குப் பிறந்த பெட்டைகள் நம் ஊர் வெயிலிலும் சோர்ந்து போகாமல் முட்டை இடுகின்றன என்று கணக்கிட்டு, அந்தச் சேவல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழித்துவிடுவதுதான் அங்கே முக்கியமான வேலை. சேவல் முட்டையிடாது. ஆகவே அதன் தகுதியை அதன் மகள்களைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஒரு சேவலுக்கு நூற்றுக்கணக்கில் மகள்கள் இருப்பார்கள். இதைக் கையால் கணக்கிட முடியாது என்பதால் ஓர் அறை நிறையக் கம்ப்யூட்டர்களை ஒன்றாகக் கட்டி வைத்திருந்தார்கள். அந்த அறைக்குப் பொறுப்பாளன் நான்.

நான் அங்கே டைப்பிஸ்டாகச் சேர்ந்தவன். ராசிபுரத்தில் தட்டச்சு ஹையர் முடித்திருந்தேன். முதல் கம்ப்யூட்டர் வந்தபோது, அதிலும் டைப் அடிக்கிற பலகை இருந்ததால் என்னிடம் ஒப்படைத்தார்கள். அடுத்த கம்ப்யூட்டர் வந்தபோது, முதல் கம்ப்யூட்டர் இன்னும் உடையாமல் இருந்ததால் அதையும் ஒப்படைத்தார்கள். இப்படியே நான் கம்ப்யூட்டர் நிபுணன் ஆனேன்.

மாட்யூல் என்றால் என்ன என்று ஒரு பத்தி சொல்லிவிடுகிறேன். ஒரே பெரிய கம்ப்யூட்டரை நாற்பது விஞ்ஞானிகள் பயன்படுத்துகிறார்கள். ஒருவருக்கு ஒரு மென்பொருளின் பழைய பதிப்பு வேண்டும், இன்னொருவருக்குப் புதியது வேண்டும். இரண்டையும் ஒரே இடத்தில் போட்டால் அடித்துக்கொள்ளும். ஆகவே எல்லாவற்றையும் தனித்தனியாக நிறுவிவிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னக் குறிப்பு எழுதி வைப்போம்: 'இவர் இந்த மென்பொருளைக் கேட்டால் அது இந்த இடத்தில் இருக்கிறது; கூடவே இன்னின்னதையும் எடுத்துக் கொடு.' அந்தக் குறிப்புதான் மாட்யூல் ஃபைல். விஞ்ஞானி 'மாட்யூல் லோட்' என்று தட்டி மென்பொருளின் பெயரைச் சொன்னால், கம்ப்யூட்டர் குறிப்பைப் படித்து அதன்படி நடக்கும். பத்து இருபது வரிகள்தான் இருக்கும். ஒரு வரி குறைந்தால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

நான் எழுதிய முதல் மாட்யூல் ஃபைல் வேலை செய்யவில்லை. சொல்லிக்கொடுக்க பெங்களூரிலிருந்து வந்திருந்த இளைஞர் ஒன்றரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்டார். மென்பொருள் சரி, இடம் சரி, எழுத்துப்பிழை இல்லை. கம்ப்யூட்டரோ அதை மாட்யூல் ஃபைலாகவே ஏற்க மாட்டேன் என்றது. கடைசியில் அவர் என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "சார், ஃபர்ஸ்ட் லைன்ல இது என்ன?" என்றார்.

"பிள்ளையார் சுழிங்க" என்றேன்.

மாட்யூல் ஃபைலின் முதல் வரியில் 'இது மாட்யூல்' என்று அதற்கே உரிய ஒரு குறி இருந்தாக வேண்டுமாம். நான் அதற்கும் மேலே 'உ' போட்டிருந்தேன். அதன் பிறகு பிள்ளையாரை இரண்டாவது வரிக்கு இறக்கினோம். இருவருக்கும் சம்மதமாகப் போயிற்று.

இனி குணவதி மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பிரிவின் தலைவி. கால்நடை மருத்துவர். திருச்செங்கோட்டுப் பக்கம் பெரிய விவசாயக் குடும்பம். கோழியைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் கிடையாது. கம்ப்யூட்டரைப் பற்றித் தெரிந்தது எதுவும் கிடையாது. ஆனால் அதை ஒரு குறையாக அவர் கருதியதில்லை. கோழிக்கு என்ன விதியோ அதையே கம்ப்யூட்டருக்கும் போட்டுவிட்டார்.

கோழிக் கொட்டாய்க்குள் நுழைகிறவர்கள் வாசலில் மருந்துத் தண்ணீர்த் தொட்டியில் கால் நனைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அதே தொட்டி ஒன்றைக் கம்ப்யூட்டர் அறை வாசலிலும் வைத்தார். "வைரஸ் வருதுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க தங்கவேலு?" என்றார். அது வேறு வைரஸ் என்று நான் இரண்டு முறை விளக்கினேன். இரண்டு முறையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். தொட்டி அங்கேயே இருந்தது. பெங்களூர் இளைஞர் விலை உயர்ந்த ஷூவோடு அதில் இறங்கி ஏறியதை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது இருபத்தொரு நாள் விதி. வெளியிலிருந்து வரும் கோழியை மந்தையில் சேர்க்கும் முன் தனிக் கொட்டாயில் வைத்துப் பார்ப்பார்கள். அதுபோல எந்தப் புது மாட்யூலும் முதலில் தனி ஃபோல்டரில் இருக்க வேண்டும். அந்த ஃபோல்டரின் பெயரே 'தனிக்கொட்டாய்'தான். இருபத்தொரு நாள் அங்கே யாராவது ஒருவர் அதைப் பயன்படுத்திப் பார்த்து, கதவில் மாட்டியிருக்கும் அட்டையில் தினமும் 'நலம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஏன் இருபத்தொரு நாள் என்று ஒரு முறை கேட்டேன். "முட்டை பொரிய அத்தனை நாள் ஆகுதில்லீங்களா?" என்றார். இதற்கு மேல் யாராலும் வாதாட முடியாது. சிரித்துக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டேன். ஆனால் அந்த அட்டையால் நான்கைந்து கெட்ட மாட்யூல்கள் வெளியே போகாமல் தடுக்கப்பட்டன என்பதையும் சொல்ல வேண்டும்.

எது கெட்டுப்போனாலும் மேடம் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். என்ன ஆச்சு, யார் செய்தது என்றெல்லாம் கேட்க மாட்டார். "இப்ப எத்தனை உசுரோட இருக்குது?" என்று கேட்பார். குரல் உயராது. உட்கார மாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றபடி பதிலுக்குக் காத்திருப்பார். நாமும் வேறு வழியில்லாமல் உயிரோடு இருப்பவற்றை எண்ணத் தொடங்குவோம். எண்ணி முடிப்பதற்குள் பயம் பாதி குறைந்திருக்கும்.

மாட்யூல் ஃபைல்கள் பெருகிய பிறகு கையால் எழுதுவது கட்டுப்படியாகவில்லை. பெங்களூர் இளைஞர் மறுபடி வந்து ஒரு கருவியை அமைத்துக் கொடுத்தார். மென்பொருளை நிறுவும்போதே என்ன பதிப்பு, எந்த இடம், எதெது கூட வேண்டும் என்பதெல்லாம் ஒரு பதிவேட்டில் தானாக ஏறிவிடும். அந்தப் பதிவேட்டைப் பார்த்து, கருவியே மாட்யூல் ஃபைல்களை எழுதிவிடும். "இனிமே மாட்யூல் ஃபைலைப் பத்திக் கவலையே வேண்டாம் சார். எல்லாத்தையும் அழிச்சாலும் ஒரு கமாண்டுல திரும்ப வந்துடும். ஒரே ஒரு விஷயம், யாரும் கையால திருத்தக் கூடாது" என்றார்.

'கையால் திருத்தக் கூடாது' என்று பெரிதாக அச்சடித்து ஒட்டினேன். எப்போது வேண்டுமானாலும் திரும்ப உண்டாக்கலாம் என்பதால், இடத்தை மிச்சம் பிடிக்க, தினசரி பேக்கப்பிலிருந்து மாட்யூல் ஃபோல்டரை நீக்கிவிட்டேன். என்னைப் பாராட்டி ஒரு கடிதம்கூட வந்தது.

பத்து வருடங்கள் கழித்துப் பழைய டிஸ்க் நிறைந்துபோனது. மென்பொருள்களையெல்லாம் புதிய டிஸ்க்குக்கு மாற்றினோம். இடம் மாறிவிட்டதால் எல்லா மாட்யூல் ஃபைல்களையும் அழித்துவிட்டுப் புதிதாக உண்டாக்க வேண்டும். மேடத்திடம் அனுமதி கேட்கப் போனேன்.

"இருபத்தொரு நாள் தனிக்கொட்டாய்ல வைக்கோணுமே?" என்றார்.

"இது புதுக் கோழி இல்லீங்க மேடம். இருக்கிற கோழியவே குளிப்பாட்டி உடற மாதிரிதானுங்க."

"கோழியக் குளிப்பாட்டக் கூடாதுங்க தங்கவேலு" என்றார். ஆனாலும் கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை காலை கமாண்டைக் கொடுத்தேன். மாட்யூல் ஃபைல்களின் அடுக்கை நாங்கள் மரம் என்போம்; பழைய மரம் முழுவதும் அழிந்து, புதிய மரம் முளைக்கப் பதினொரு நிமிடம் ஆயிற்று. நான் ஒரு டீ குடித்தேன். வந்து பார்த்தால் முந்நூற்றுச் சொச்சம் ஃபைல்களும் ஒரே சீராக, சீருடை போட்ட பிள்ளைகள் போல வரிசையாக நின்றன. என் பணிக்காலத்தில் அவ்வளவு அழகான ஒன்றை நான் பார்த்ததில்லை.

பத்தரை மணிக்கு முதல் போன். டாக்டர் சிவப்பிரகாசம், மூத்த விஞ்ஞானி.

"தங்கவேலு, கம்ப்யூட்டர் எனக்கு வணக்கம் சொல்ல மாட்டேங்குது."

"சார்?"

"தினமும் லோட் பண்ணுனா 'வணக்கம் டாக்டர் சிவப்பிரகாசம் அவர்களே'ன்னு வரும். இன்னிக்கு மொட்டையா வருது. என் மேல ஏதாச்சும் நடவடிக்கை எடுத்திருக்காங்களா? ஒளிக்காமச் சொல்லுங்க."

எந்தக் கருவியும் எந்த டாக்டருக்கும் வணக்கம் எழுதாது. யாரோ கையால் எழுதியிருக்கிறார்கள். யார் என்று ஊகிப்பது கடினமில்லை; அந்த மாட்யூலைப் பயன்படுத்துகிறவர் அவர் ஒருவர்தான். நான் எதுவும் கேட்காமல் வணக்கத்தைத் திரும்பப் போட்டுக் கொடுத்தேன்.

பதினொன்றரைக்கு இன்னொரு விஞ்ஞானி வந்தார். அவர் மாட்யூலில் திருச்செங்கோடு போகும் கடைசி பஸ் நேரம் வருமாம். அது வராததால் அன்று மாலை ஊருக்குப் போக முடியுமா என்றே அவருக்குச் சந்தேகமாக இருந்தது. அதையும் போட்டேன். இப்படி மூன்று நாளில் ஏழெட்டு. எனக்குச் சிரிப்பாகவும் கோபமாகவும் இருந்தது. சுவரில் அவ்வளவு பெரிதாக ஒட்டியிருக்கிறேன், ஒருவராவது மதித்தார்களா? போகட்டும், வணக்கமும் பஸ்ஸும்தானே என்று விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை சேவல் தரவரிசை ஓடியது. வருடத்துக்கு ஒரு முறை ஓடும் கணக்கு. நூற்றிருபது சேவல்கள். மேலே இருக்கும் அறுபதும் இனப்பெருக்கத்துக்கு. கீழே இருக்கும் அறுபதும் கறிக்கடைக்கு. பட்டியல் வந்தது. மேடம் வெளியூர்க் கூட்டத்தில் இருந்தார். வழக்கம்போலப் பண்ணை ஆட்கள் பட்டியலைப் பார்த்து, கால் வளையத்து எண்ணைச் சரிபார்த்து, வெள்ளிக்கிழமை காலை அறுபதையும் கூண்டுகளில் அடைத்தார்கள். ஆள் குறைவாக இருந்ததால் நானும் கை கொடுத்தேன். ஒன்பது மணிக்கு டெம்போ சேலம் நோக்கிப் புறப்பட்டது. என்னைக் கொத்தியது நானூற்றுப் பதினேழாம் எண் சேவல்.

கைக்கு மருந்து போட்டுக்கொண்டே, ஃபைலில் வைப்பதற்காகப் பட்டியலை அச்செடுத்தேன். கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. பனிப்பொழிவு மாதங்களுக்கான திருத்தம் செய்யப்பட்டது என்று அதற்கு அர்த்தம்.

மறுபடி படித்தேன். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஒன்பதரை மணிக்கே தார் ரோடு இளகத் தொடங்கியிருந்தது. நாமக்கல்லில் பனிப்பொழிவு என்றால், அதிகாலையில் வைக்கோல் போரின் மேல் கொஞ்சம் ஈரம் இருக்கும், அவ்வளவுதான்.

அந்த நேரத்தில் மேடம் கூட்டம் முடிந்து வந்து சேர்ந்தார். தொட்டியில் கால் நனைத்துவிட்டு உள்ளே வந்தவரிடம் தாளை நீட்டினேன். அவர் அடி வரியைப் பார்க்கவில்லை. நேராகக் கழித்த சேவல்களின் எண்களைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க முகம் மாறியது.

"நானூத்திப் பதினேழா? அதனோட மகளுக சித்திரை வெயில்ல நின்னு முட்டை வெச்ச கோழிகளுங்க. அதைக் கழிச்சா நாம எதுக்குங்க ஆராய்ச்சி பண்றோம்?"

விஷயம் இதுதான். கோடையில் எல்லாக் கோழியும் முட்டையைக் குறைக்கும். சித்திரையில் சோதித்த மகள்களையும் மார்கழியில் சோதித்த மகள்களையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது. அதற்காக எங்கள் ஊருக்கென்று ஒரு வெயில் அட்டவணை உண்டு. கணக்குப் போடும் மென்பொருள் அதைப் படித்துத் திருத்திக்கொள்ளும். அட்டவணை எங்கே இருக்கிறது என்று சொல்லவில்லை என்றால், அது பிறந்த குளிர் நாட்டின் அட்டவணையைத் தானே எடுத்துக்கொள்ளும், ஒரு வார்த்தை கேட்காமல். எங்கே இருக்கிறது என்று சொல்லும் வரி மாட்யூல் ஃபைலில் இருந்திருக்கிறது. யாரோ கையால் எழுதிய வரி. திங்கட்கிழமை பதினொரு நிமிடத்தில் நான் அழித்த வரி.

"எத்தனை உசுரோட இருக்குது?" என்றார் மேடம்.

"இப்போதைக்கு அறுபதுமே, மேடம். டெம்போ போயி முக்கால் மணி நேரம் ஆகுதுங்க."

டெம்போ டிரைவர் செங்கோடனின் நம்பருக்குப் போன் செய்தோம். அது எங்கள் மேசை மேலேயே அடித்தது. கூண்டு ஏற்றும்போது கொத்துப்படாமல் இருக்கட்டும் என்று கொடுத்துவிட்டுப் போயிருந்தார். நிலையத்து ஜீப் சர்வீஸில் இருந்தது. மிச்சம் இருந்தது என் மொபெட். மேடம் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, தரவரிசைப் பட்டியலைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

"ஓட்டுங்க தங்கவேலு. நானூத்திப் பதினேழு சேலம் போகக் கூடாது."

அந்த மொபெட் இருவரைச் சுமந்து நாற்பதுக்கு மேல் போகாது. நெடுஞ்சாலையில் எல்லா லாரிகளும் எங்களைத் தாண்டிப் போயின. மேடம் ஒவ்வொரு டீக்கடை வாசலையும் பார்த்துக்கொண்டே வந்தார். "செங்கோடனுக்கு ஒம்பதரைக்கு ஒரு டீ, பத்துக்கு ஒரு டீ வேணுமுங்க. எங்கியாச்சும் நிப்பான்" என்றார். செங்கோடன் புதுச்சத்திரத்தில் நின்றிருந்தார். டெம்போ புளியமர நிழலில், அவர் டீக்கடை பெஞ்சில். அறுபது சேவல்களும் ஒன்றாகக் கூவிக்கொண்டிருந்தன.

"ஏனுங்க மேடம், நீங்க இங்க?" என்று எழுந்தார்.

"வண்டியத் திருப்புங்க செங்கோடா. சேவலுக எல்லாம் திரும்பி வரோணும்."

"ஐயோ, சீக்குங்களா?"

"சீக்கு சேவலுக்கு இல்லைங்க, கம்ப்யூட்டருக்கு" என்றேன் நான்.

செங்கோடன் என்னையும் டெம்போவையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்பக் கம்ப்யூட்டரையில்லீங்க ஏத்தி உட்டிருக்கோணும்?" என்றார்.

மத்தியானம் மேடம் எல்லா விஞ்ஞானிகளையும் கூட்டினார். அந்த வரி என்ன என்று தெரிந்தால்தான் கணக்கைத் திரும்ப ஓட்ட முடியும். மாட்யூல் ஃபோல்டரைத்தான் நான் பேக்கப்பிலிருந்து நீக்கியிருந்தேனே; அட்டவணை எந்தப் பெயரில், எங்கே இருக்கிறது என்று யாருக்கும் நினைவில்லை. சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டி, நான் கொஞ்சம் காரமாகவே பேசினேன். ஒரு வரி, ஒரே ஒரு வரி, யாருடைய அலட்சியமோ, அறுபது உயிர் என்று என்னென்னவோ சொன்னேன். மேடம் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"யாரு எழுதுனீங்கன்னு கேக்க மாட்டேனுங்க. என்ன எழுதுனீங்கன்னு மட்டும் ஒவ்வொருத்தரா உள்ள வந்து சொல்லிப்போட்டுப் போங்க."

பதினான்கு பேர் வந்தார்கள். பக்கத்து அறையில் மேடம் நின்றுகொண்டிருக்க, நான் குறித்துக்கொண்டேன். தன் வேலைதான் முதலில் ஓட வேண்டும் என்று மாட்யூலில் ஒரு வரி சேர்த்திருந்தார் ஒருவர். அதே வரியை அடுத்தடுத்து வந்த ஐந்து பேரும் சேர்த்திருந்தார்கள். ஆறு பேரும் முதலாவதாக இருந்ததால் வருடக்கணக்காக எல்லாம் பழையபடியே ஓடிக்கொண்டிருந்தது. ஒருவர் பிழைச் செய்தி வந்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது என்று அது திரையில் வராதபடி செய்திருந்தார். ஒரு அம்மா தன் மகன் பெயரைக் கடவுச்சொல்லாக எழுதி வைத்திருந்தார். வெட்கப்பட்டுக்கொண்டே மாற்றிவிடுகிறேன் என்றார். டாக்டர் சிவப்பிரகாசம் கடைசியாக வந்து, "அந்த வணக்கம் நாந்தான் போட்டது" என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். மேடம் முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல், "நல்ல பழக்கந்தானுங்களே சார்" என்றார்.

ஆனால் வெயில் அட்டவணையை எழுதியவர் அந்தப் பதினான்கு பேரில் இல்லை.

கடைசி முயற்சியாக, கம்ப்யூட்டரில் இருந்த எல்லா ஃபைல்களுக்குள்ளும் 'சித்திரை' என்ற சொல்லைத் தேடச் சொன்னேன். அரை மணி நேரம் ஓடி ஒரே ஒரு ஃபைலைக் கொண்டுவந்து நிறுத்தியது. அட்டவணைதான். அது இருந்த ஃபோல்டரின் பெயர் 'தற்காலிகம்'. அந்த ஃபோல்டர் இருந்த கணக்கு: தங்கவேல். எழுதி ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

எல்லாம் ஞாபகம் வந்தது. மேடம் மேட்டூர்ப் பக்கம் ஒரு பண்ணையிலிருந்து போனில், "அந்த வெயில் அட்டவணைய இப்போதைக்கு எங்கியாச்சும் வெச்சு ஓட்டுங்க, நாளைக்கு வந்து முறையாப் பண்ணிக்கலாம்" என்று சொன்னது. நான் அதை என் ஃபோல்டரில் போட்டு, மாட்யூலில் அவசரமாக ஒரு வரி எழுதியது. எழுதும்போது சுவரில் இருந்த தாளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்ததுகூட.

எழுந்து போய் மேடத்தின் முன்னால் நின்றேன். "மேடம், அந்த வரி… நான்தானுங்க."

அவர் நின்றபடியே கேட்டார்: "வெக்கச் சொன்னது நான்தானுங்களே?"

"ஆமாங்க."

"நாளைக்குன்னு சொன்னது?"

"நீங்கதானுங்க."

"ஒம்பது வருசமா நாளைக்கு வரவே இல்லைங்களா?" என்றார். பிறகு, அவரிடம் இருபது வருடம் வேலை பார்த்ததில் முதல் முறையாக, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பக்கத்து அறையில் இருந்த பதினான்கு பேரும் எட்டிப் பார்த்தார்கள். நான் சற்று முன் பேசிய பேச்சுக்கு, அவர்கள் ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். டாக்டர் சிவப்பிரகாசம் என் தோளைத் தட்டி, "உங்களுக்கும் ஒரு வணக்கம் போட்டுக்கங்க" என்றார்.

வரியைச் சேர்த்துக் கணக்கைத் திரும்ப ஓட்டினோம். மாலை நான்கு மணிக்குப் புதிய பட்டியல் வந்தது. செங்கோடன் வாசலில் டெம்போவோடு காத்திருந்தார். சேவல்கள் தண்ணீர் குடித்துவிட்டு நிழலில் இருந்தன. மேடமும் நானும் இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண் எண்ணாக ஒப்பிட்டோம்.

அறுபதில் நான்குதான் மாறியிருந்தது. நானூற்றுப் பதினேழு உட்பட நான்கு சேவல்கள் பிழைத்தன. கொட்டாயில் நிம்மதியாக இருந்த வேறு நான்கு கீழே இறங்கின. மீதி ஐம்பத்தாறும் எந்த ஊர் வெயிலில் கணக்கிட்டாலும் அதே இடத்தில்தான் இருந்தன.

"இந்த நாலுக்காகவா மேடம் வண்டியத் திருப்புனீங்க?" என்றார் செங்கோடன்.

"அந்த நாலைத்தான் இத்தனை வருசமாத் தேடிக்கிட்டிருந்தமுங்க" என்றார் மேடம்.

புதிதாகக் கீழே இறங்கிய நான்கோடு, ஐம்பத்தாறையும் நான் மறுபடி எண் சரிபார்த்து ஏற்றினேன். ஒரு முறை காப்பாற்றிய சேவலை இரண்டாவது முறை ஏற்றுவது சுலபமில்லை. அவை என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை.

அதன் பிறகு நடைமுறையை மாற்றினோம். நந்தினி கேட்ட விஷயம் இதுதான் என்பதால் ஒழுங்காகச் சொல்கிறேன். 'கையால் திருத்தக் கூடாது' என்ற தாளைக் கிழித்தேன்; எப்படியும் திருத்தத்தான் போகிறார்கள். ஆனால் மாட்யூல் ஃபைலில் நேராக எழுதாமல், பக்கத்திலேயே ஒவ்வொன்றுக்கும் ஒரு 'கைவரி' ஃபைல் வைத்தோம். யார் வேண்டுமானாலும் வரி சேர்க்கலாம். பெயரும் காரணமும் எழுத வேண்டும். மாட்யூல்களைத் திரும்ப உண்டாக்கும்போது கருவி முதலில் பதிவேட்டைப் படிக்கும், பிறகு கைவரியைச் சேர்க்கும். பழையதை அழிக்காமல் தள்ளி வைத்து, புதியதோடு ஒப்பிட்டு, எந்த வரி காணாமல் போயிருக்கிறது என்று தாளில் எடுத்துக் காட்டும். கைவரியும் பதிவேடும் பழைய மரமும் மூன்றும் தினசரி பேக்கப்பில். திரும்ப உண்டாக்கியவையும் இருபத்தொரு நாள் தனிக்கொட்டாயில். குளித்த கோழியானாலும் சரி. 'தற்காலிகம்' என்ற பெயரில் யாரும் எதையும் வைக்கக் கூடாது என்பது நான் எனக்கு மட்டும் போட்டுக்கொண்ட விதி.

இவ்வளவும் நடந்ததை மேடம் ஒளிக்காமல் சேலத்தில் இருந்த தலைமை அலுவலகத்துக்கு அறிக்கையாக எழுதினார். கம்ப்யூட்டர் கோளாறு என்று எழுதிவிடலாமே என்று நான் சொன்னதற்கு, "அது பாவமுங்க, சொன்னதைச் செஞ்சுது" என்றார். மாட்யூல் ஃபைலில் ஒரு வரி விடுபட்டதால் சேவல்கள் தவறாகக் கழிக்கப்பட்டு, வழியில் மீட்கப்பட்டன என்று எழுதி அனுப்பினோம்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. 'தங்கள் அறிக்கையில் குறிப்பிட்டுள்ள ஃபைல் இவ்வலுவலகத்துக்கு வந்து சேரவில்லை. மூன்று நகல்களுடன் உடனே அனுப்பவும்.'

மாட்யூல் ஃபைல் என்பது அப்படிப்பட்ட ஃபைல் இல்லை என்று நான் ஒரு விளக்கக் கடிதம் தயாரித்தேன். மேடம் அதைப் படித்துவிட்டு மடித்து வைத்தார். "கேக்கறாங்க, குடுத்துப்போடலாமுங்க" என்றார். முந்நூற்றுச் சொச்சம் மாட்யூல் ஃபைல்களையும், கைவரிகளோடு, பிள்ளையார் சுழியோடு, சிவப்பிரகாசம் வணக்கத்தோடு, பஸ் நேரத்தோடு மூன்று நகல் அச்செடுத்துத் துளை போட்டு, டேக் கட்டி, மூன்று தடித்த ஃபைல்களாக அனுப்பினோம். ஒரு வாரத்தில் திரும்பி வந்தன. பக்கங்களில் அதிகாரியின் கையெழுத்து இல்லையாம். மேடம் இரண்டு நாள் நின்றபடியே ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். மறுபடி அனுப்பினோம். பெற்றுக்கொண்டதாக முத்திரையிட்ட ஒரு சீட்டு வந்தது.

மேடம் ஓய்வு பெற்றார், பிறகு நானும். டிஸ்க்குகள் நான்கு முறை மாறிவிட்டன. இப்போது நந்தினி மாட்யூல்களையே எடுத்துவிடப் போகிறார். தலைமை அலுவலகத்து அலமாரியில் அந்த மூன்று ஃபைல்களும் எங்கோ இருக்கும். நாங்கள் எடுத்த பேக்கப்புகளிலேயே அதைத்தான் நான் முழுமையாக நம்புகிறேன். அதை மட்டும் இதுவரை யாரும் திறந்து ஒரு வரிகூடத் திருத்தியிருக்க மாட்டார்கள்.